எதிராளி முந்திக்கொண்டால்: ஓவர்கால் சொல்வதா, பாஸ் சொல்வதா?

பிரிட்ஜ் சீட்டாட்டம் பழகத் தொடங்கிய புதிதில் என் கணக்கு ரொம்ப எளிது. கையில் 12 புள்ளி இருந்தால் வாயைத் திறப்பேன், இல்லாவிட்டால் மூடிக்கொள்வேன். ஏலத்தை நாமே தொடங்கும்போது இந்தக் கணக்கு ஓரளவு ஓடும். எதிராளி முந்திக்கொண்டு தொடங்கிவிட்டால் ஓடாது. அதை எனக்குப் புரியவைத்த கை இதுதான்:

இஸ்பேட்: ராணி, 7, 3
ஆட்டின்: ராஜா, ஜாக்கி, 4
டைமன்: ஆஸ், 8, 6, 4, 2
கிளாவர்: ராஜா, 5

ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் 13 புள்ளி. ஐந்து டைமன் வேறு. வலப்பக்கத்தில் இருந்தவர் 1 இஸ்பேட் என்றார். நான் கொஞ்சமும் தயங்காமல் 2 டைமன் என்ற ஏல அட்டையை எடுத்து வைத்தேன். இடப்பக்கத்தவர் பாஸ், பார்ட்னர் பாஸ், தொடங்கியவர் டபுள் (அப்படியே நின்றால் அபராதம் பெருகும்), அதற்குமேல் எல்லோரும் பாஸ். நாங்கள் அந்த போர்டில் வல்னரபிள், அதாவது தோற்றால் அபராதம் அதிகமாகும் பக்கம். ராஜா, ராணி, ஜாக்கியோடு நாலு டைமன் இடப்பக்கத்தவரிடம் உட்கார்ந்திருந்தது. எட்டு டிரிக் (சுற்றுக்கு நாலு சீட்டு கொண்ட பிடி) எடுக்கவேண்டிய இடத்தில் ஐந்துதான் வந்தது. மூன்று குறைவு, 800 போயிற்று. நான் பாஸ் சொல்லியிருந்தால் எதிராளிகள் மிஞ்சிப்போனால் 2 இஸ்பேட் ஆடி 110 வாங்கியிருப்பார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாக நடந்துகொள்கிறோம். புள்ளி இருந்தால் சூட் மோசமாக இருந்தாலும் ஓவர்கால் சொல்கிறோம். நல்ல சூட் இருந்தும் புள்ளி போதவில்லை என்று பாஸ் சொல்கிறோம். ஓவர்காலில் பார்க்கவேண்டியது முதலில் சூட், அப்புறம்தான் புள்ளி. சூட் என்பது ஒரே சின்னம் கொண்ட 13 சீட்டு. பிரிட்ஜ் மேசையில் ஸ்பேட், ஹார்ட், கிளப் என்றுதான் சொல்வார்கள். நான் வீட்டுப் பழக்கத்தில் இஸ்பேட், ஆட்டின், கிளாவர் என்றே எழுதுகிறேன்.

ஏலத்தைத் தொடங்கும் முறை தெரிந்து, புள்ளி எண்ணத் தெரிந்தவர்களுக்கானது இந்தக் கட்டுரை. ஏலம் கடிகாரச் சுற்றில் போகும். வலப்பக்கத்தவர் ஒரு பிட் (ஏலக் கேள்வி) சொல்லி, அதற்குமேல் நீங்கள் உங்கள் சூட்டைச் சொன்னால் அது ஓவர்கால்.

சூட்டை எடைபோடுவது

முதல் நிபந்தனை, ஐந்து சீட்டாவது இருக்கவேண்டும். நாலு சீட்டில் ஓவர்கால் சொல்லும் வித்தகர்கள் இருக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஆஸ், ராஜா, ராணி என்று வரிசையாக இருக்கும்போது மட்டும்தான் சொல்வார்கள், அதுவும் ஒன்றாம் மட்டத்தில். ஓராண்டு ஆடும்வரை அந்தப் பக்கம் போகவேண்டாம்.

ஐந்து இருக்கிறது, சரி, எப்படிப்பட்ட ஐந்து? இதற்கு ஆஸ்திரேலியாவின் ரான் கிளிங்கர் ஒரு எளிய சோதனையைப் பிரபலப்படுத்தினார். சூட்டில் எத்தனை சீட்டு என்று எண்ணுங்கள். அதோடு அதே சூட்டில் உள்ள பெரிய சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஆஸ், ராஜா, ராணி எப்போதும் கணக்கில் சேரும். ஜாக்கியும் பத்தும் தங்களைவிடப் பெரியது ஒன்று கூட இருந்தால்தான் சேரும். வந்த கூட்டுத்தொகை, நீங்கள் எடுப்பதாகச் சொல்லும் டிரிக் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. ஒன்றாம் மட்டத்தில் ஏழு டிரிக், இரண்டாம் மட்டத்தில் எட்டு.

என் டைமனை இதில் போட்டுப் பாருங்கள். ஐந்து சீட்டு, ஒரே ஒரு ஆஸ், மொத்தம் ஆறு. வேண்டியதோ எட்டு. 800 போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இப்போது இந்தக் கை:

இஸ்பேட்: ராஜா, ராணி, ஜாக்கி, 9, 5
ஆட்டின்: 8, 4
டைமன்: ராஜா, 7, 3
கிளாவர்: 8, 6, 2

வெறும் 9 புள்ளி. ஆனால் இஸ்பேடில் ஐந்தும் மூன்றும் எட்டு. ஒன்றாம் மட்டத்துக்கு ஏழே போதும். வலப்பக்கத்தவர் வேறு எந்தச் சூட்டில் தொடங்கினாலும் ஒன்றாம் மட்டத்தில் இதைச் சொல்லலாம். ஒருவேளை டபுள் வாங்கினாலும் இந்த இஸ்பேடே நாலு டிரிக் கொண்டுவரும். மேலே உள்ள 13 புள்ளிக் கையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எந்த மட்டத்தில் சொல்கிறீர்கள்?

ஏலத்தில் கிளாவர்தான் கீழே. அதற்கு மேலே டைமன், ஆட்டின், இஸ்பேட், உச்சியில் நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்). ஆகவே 1 ஆட்டினுக்கு மேல் உங்கள் இஸ்பேடை ஒன்றாம் மட்டத்திலேயே சொல்லிவிடலாம். கிளாவரையோ டைமனையோ சொல்ல இரண்டுக்குப் போயாகவேண்டும்.

ஒன்றாம் மட்ட ஓவர்காலுக்கு 8 முதல் 16 புள்ளி என்பது பரவலான வழக்கம். இரண்டாம் மட்டத்துக்கு 11-ஆவது வேண்டும், ஆறு சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. ஐந்தே சீட்டு என்றால் சூட் உண்மையிலேயே கனமாக இருக்கவேண்டும். 17-க்கு மேல் நல்ல கை என்றால் முதலில் டபுள் சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் சூட்டைச் சொல்வது வழக்கம். ஓவர்கால் மட்டும் சொன்னால் இவ்வளவு பலம் உங்களிடம் இருக்கிறது என்று பார்ட்னர் நினைக்கமாட்டார்.

போர்டின் நிறம்

1925-இல் பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பலில் ஹரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் வகுத்த மதிப்பெண் முறையிலிருந்துதான் இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜ் வந்தது. வல்னரபிள் என்ற ஏற்பாடும் அந்தப் பயணத்தில் பிறந்ததுதான். வல்னரபிள் பக்கத்துக்கு ஜெயித்தால் வெகுமதி அதிகம், தோற்றால் அபராதமும் அதிகம். போட்டிகளில் சீட்டு வைத்துத் தரும் போர்டில் அந்தப் பக்கம் சிவப்பாக இருக்கும்.

டபுள் இல்லாமல் தோற்றால், குறையும் ஒவ்வொரு டிரிக்குக்கும் சாதாரணமாக 50, வல்னரபிள் என்றால் 100. டபுள் விழுந்தால் சாதாரணத்தில் 100, 300, 500, 800 என்று ஏறும். வல்னரபிளில் 200, 500, 800, 1100. இதை ஒரு தடவை நிதானமாகப் படித்து மனதில் போட்டுக்கொள்ளுங்கள், ஓவர்கால் பற்றிய பாதி அறிவு வந்துவிடும்.

ஜோடிப் போட்டியில் எல்லா மேசைக்கும் அதே கைகள்தான் போகும். யார் அதிகம் வாங்கினார்கள் என்பதே கேள்வி. எதிராளிகள் சிறிய கான்ட்ராக்ட் (ஏலத்தில் கடைசியாக நின்ற பிட்) ஆடினால் 110, 140 என்று வாங்குவார்கள். நீங்கள் வல்னரபிளாக இரண்டு டிரிக் குறைந்தால், டபுளே இல்லாவிட்டாலும் 200 போகிறது. அந்த ஒரு எண்ணிக்கையே உங்களைக் கடைசி இடத்துக்குத் தள்ளப் போதும். அதே இரண்டு டிரிக்கை வல்னரபிள் இல்லாமல் இழந்தால் 100 தான், பல சமயம் அது லாபமாகவே முடியும். ஆக, இரண்டாம் மட்டத்தில் தள்ளாடும் கை என்றால் போர்டைப் பாருங்கள். சிவப்பு என்றால் பாஸ். மற்றபடி சொல்லிப் பார்க்கலாம்.

அந்த பிட் என்ன வேலை செய்யும்?

எனக்கு மிகவும் உதவிய கேள்வி இது. அட்டையில் கை வைப்பதற்கு முன் ஒரு நொடி கேட்டுக்கொள்வேன். பதில் வராவிட்டால் பாஸ்.

முதல் வேலை, பார்ட்னருக்கு வழிகாட்டுவது. ஏலத்தை ஜெயித்து இடப்பக்கத்தவர் ஆட்டக்காரரானால் முதல் சீட்டை இறக்குவது உங்கள் பார்ட்னர்தான். நீங்கள் சொன்ன சூட்டை அவர் நம்பி இறக்குவார். மேலே பார்த்த ராஜா, ராணி, ஜாக்கி இஸ்பேடில் இறக்கினால் எதிராளிக்குத் தலைவலி. ஆஸ், 8, 6, 4, 2 டைமனில் இறக்கினால் தலைவலி யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. உங்கள் சூட்டை நம்பி பார்ட்னர் தன் ஒண்டி ராஜாவையோ ராஜா-சின்ன சீட்டு ஜோடியையோ இறக்கினால் சந்தோஷப்படுவீர்களா? ஆம் என்றால் பிட் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை, எதிராளியின் இடத்தைப் பிடுங்குவது. வலப்பக்கத்தவர் 1 கிளாவர் சொல்லி நீங்கள் பாஸ் சொன்னால், இடப்பக்கத்தவர் 1 டைமன், 1 ஆட்டின், 1 இஸ்பேட் என்று எதையும் மலிவாகச் சொல்லி நிதானமாகத் தகவல் பரிமாறலாம். நீங்கள் 1 இஸ்பேட் சொன்னால் அந்த மூன்று வாசலும் ஒரே அடியில் மூடிவிடும். 1 கிளாவருக்கு மேல் 1 டைமன் சொல்வது யாரையும் தடுக்காது, அதனால் அங்கே டைமன் நல்லதாக இருக்கவேண்டும். 1 டைமனுக்கு மேல் 2 கிளாவர் எதிராளிக்கு நிறைய இடைஞ்சல் தரும், நமக்கும் ஆபத்துதான்.

மூன்றாவது, நமக்கே ஒரு கான்ட்ராக்ட் கிடைப்பது. நாலாவது, தெரிந்தே தோற்பது. புதியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எதிராளிகள் வல்னரபிளாக 4 ஆட்டின் ஆடி ஜெயித்தால் 620 வாங்குவார்கள். நாம் வல்னரபிள் இல்லாமல் 4 இஸ்பேட் சொல்லி, டபுள் வாங்கி, மூன்று டிரிக் குறைந்தால் 500 தருகிறோம். 120 மிச்சம். நாலு குறைந்தால் 800, கணக்கு கெட்டது. இந்த வாய்ப்பெல்லாம் யாராவது ஒருவர் ஆரம்பத்தில் சூட்டைச் சொன்னால்தான் தெரியவரும். ஆனால் இது ஓவர்கால் சொல்லக் காரணம் அல்ல, சொன்னதால் வரும் உபரி லாபம்.

ஆறு சீட்டு, 6 முதல் 10 புள்ளி, மற்றபடி கையில் ஒன்றும் இல்லை என்றால் ஒரு மட்டம் தாண்டிக் குதிக்கலாம். 1 கிளாவருக்கு மேல் நேராக 2 இஸ்பேட். இது பலவீனத்தைக் காட்டும் பிட் என்று இன்று பெரும்பாலானோர் வைத்திருக்கிறார்கள். புதிய பார்ட்னர் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இதே பிட்டைப் பெரிய பலம் என்று கற்றவர்களும் உண்டு.

புள்ளி இருக்கிறது, சூட் இல்லை

இங்கேதான் மனசு கேட்காது. 13, 14 புள்ளியை வைத்துக்கொண்டு பாஸ் சொல்வது ஏதோ சம்பளத்தை வாங்காமல் வீட்டுக்கு வருவதுபோல இருக்கும். மூன்று வழி உண்டு.

எதிராளியின் சூட் உங்களிடம் குறைவு, மற்ற மூன்றும் சமமாக இருக்கிறது என்றால் டபுள். இது அபராத டபுள் அல்ல, 'பார்ட்னர், உனக்குப் பிடித்ததைச் சொல்' என்ற கேள்வி. வலப்பக்கத்தவர் 1 டைமன் சொல்ல, உங்கள் கையில்:

இஸ்பேட்: ராஜா, ஜாக்கி, 8, 4
ஆட்டின்: ஆஸ், ராணி, 7, 2
டைமன்: 5
கிளாவர்: ராஜா, 9, 6, 3

இதைவிட அழகான டபுள் கிடைக்காது.

15 முதல் 18 புள்ளி, கை சமமாக இருந்து, எதிராளியின் சூட்டை நிறுத்தும் சீட்டும் இருந்தால் 1 நோ டிரம்ப்.

மூன்றாவது வழி பாஸ். எதிராளியின் சூட்டே உங்களிடமும் நீளமாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் வழி. வலப்பக்கத்தவர் 1 ஆட்டின் சொன்னார் என்று வையுங்கள்:

இஸ்பேட்: ஆஸ், 7
ஆட்டின்: ராஜா, ஜாக்கி, 8, 5, 2
டைமன்: ஆஸ், 6, 4
கிளாவர்: ராணி, 9, 3

14 புள்ளி. சொல்ல ஒரு சூட்டும் இல்லை. டபுள் சொன்னால் பார்ட்னர் இஸ்பேடில் குதிப்பார், அதில் உங்களிடம் இரண்டே சீட்டு. முகத்தில் எதையும் காட்டாமல் பாஸ் சொல்லுங்கள். ஏலம் சுற்றிவந்து பார்ட்னர் டபுள் சொன்னால், மறுபடியும் பாஸ் சொல்லி 1 ஆட்டின் டபுளில் வலப்பக்கத்தவரை உட்காரவைக்கலாம். என் 2 டைமனை இடப்பக்கத்தவர் பிடித்ததும் இதே முறையில்தான்.

அதன் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஓவர்காலுக்கு மேல் உடனே சொல்லும் டபுள் அபராதம் என்று பொருள். 1957-இல் அமெரிக்கரான ஆல்வின் ராத், அந்த டபுளை 'மற்ற சூட்டுகள் என்னிடம் இருக்கின்றன' என்று சொல்லப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு சோவியத் ஒன்றியம் விண்ணுக்கு அனுப்பிய செயற்கைக்கோளின் பெயரில் இதை ஸ்புட்னிக் டபுள் என்றார்கள், இப்போது நெகடிவ் டபுள். அதனால் ஓவர்கால் முன்னைவிடப் பாதுகாப்பாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் இடப்பக்கத்தவர் சும்மா பாஸ் சொன்னால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அவர் உங்கள் சூட்டையே வைத்துக்கொண்டு, தொடங்கியவர் டபுள் சொல்லட்டும் என்று காத்திருக்கலாம்.

நாற்காலி மாறினால் கணக்கும் மாறும்

இதுவரை சொன்னது வலப்பக்கத்தவர் தொடங்கிய உடனே நீங்கள் பேசும் நிலை. இடப்பக்கத்தவர் 1 டைமன் சொல்லி, பார்ட்னரும் வலப்பக்கத்தவரும் பாஸ் சொல்லிவிட்டால் நிலைமை வேறு. நீங்களும் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்துவிடும். வலப்பக்கத்தவரிடம் ஆறு புள்ளிகூட இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆகவே பார்ட்னரிடம் ஏதோ இருக்கிறது, சொல்லத் தோதான கை இல்லாததால் பேசாமல் இருக்கிறார். இங்கே பார்ட்னரிடமிருந்து ஒரு ராஜாவைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். அதாவது உங்கள் புள்ளியோடு மூன்றைக் கூட்டிக்கொண்டு முடிவு செய்யுங்கள். 7, 8 புள்ளியில் ஓவர்கால், 10-இல் டபுள், 11 முதல் 14 வரை 1 நோ டிரம்ப். பார்ட்னர் அந்த மூன்றைத் தன் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளவேண்டும். இதைப் பேசி வைக்காத ஜோடிகள் இங்கே மேலே மேலே ஏறிப்போய் விழுவதை வாராவாரம் பார்க்கிறேன்.

இதற்கு நேர் எதிர், இரண்டு எதிராளிகளும் வேறு வேறு சூட் சொல்லிவிட்ட பிறகு நடுவில் மாட்டிக்கொள்வது. இடப்பக்கத்தவர் 1 கிளாவர், பார்ட்னர் பாஸ், வலப்பக்கத்தவர் 1 ஆட்டின். இருவரிடமும் புள்ளி இருக்கிறது. பார்ட்னரிடம் மிஞ்சியிருப்பது சொற்பம். உங்களைச் சாத்தவேண்டுமா என்று முடிவுசெய்யத் தேவையான தகவல் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. சூட் பிரமாதமாக இருந்தாலொழிய வாயை மூடிக்கொள்வது நல்லது.

அவர்கள் ஒரே சூட்டில் ஒத்துப்போய் இரண்டில் நின்றுவிட்டால் மறுபடி கதை மாறும். 1 ஆட்டின், பாஸ், 2 ஆட்டின், அப்புறம் இரண்டு பாஸ், உங்கள் முறை. அவர்களிடம் சேர்ந்து எட்டு ஆட்டின் இருக்கும்போது, நம்மிடமும் ஏதோ ஒரு சூட்டில் எட்டு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1969-இல் ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசியது: இரு பக்கத்துத் துருப்புச் சீட்டுகளையும் கூட்டினால் வரும் எண்தான், இரு பக்கமும் தத்தம் துருப்பில் எடுக்கக்கூடிய டிரிக்குகளின் தோராயமான மொத்தம். எட்டும் எட்டும் பதினாறு. அவர்களுக்கு 2 ஆட்டின் கிடைக்கும் என்றால் நமக்கு 2 இஸ்பேட் கிடைக்கலாம். கிடைக்காமல் ஒன்று குறைந்தாலும் 50 அல்லது 100, அது 110-ஐவிடக் குறைவு. பல சமயம் அவர்கள் ரோஷப்பட்டு 3 ஆட்டினுக்குப் போய்த் தோற்பார்கள். இந்த இடத்தில் மட்டும், சூட் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் துணிந்து பேசுங்கள். அவர்களை இரண்டாம் மட்டத்தில் நிம்மதியாக விடுவது பிரிட்ஜில் பெரிய தாராளம்.

தயங்கினால் அதுவும் தகவல்

யாரும் புதியவர்களுக்கு முதலிலேயே சொல்லாத ஒன்று. அரை நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டுப் பாஸ் அட்டையை வைத்தால், உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்துவிடும். அந்தத் தயக்கத்தைப் பார்ட்னர் பயன்படுத்திக்கொள்ள விதி அனுமதிக்காது. அவர் நியாயமாகச் சொல்ல நினைத்த பிட்டுக்கும் நடுவரைக் கூப்பிடுவார்கள். ஆகவே வலப்பக்கத்தவர் யோசிக்கும்போதே நீங்களும் யோசித்துவிடுங்கள்: அவர் கிளாவர் சொன்னால் என்ன, ஆட்டின் சொன்னால் என்ன. பச்சைப் பாஸ் அட்டையைத் தொட்டுவிட்டு வேறு அட்டைக்குக் கை போவது இன்னும் மோசம்.

பார்ட்னர் ஓவர்கால் சொன்னால் நீங்கள் செய்யவேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். மூன்று சீட்டு அவர் சூட்டில் இருந்தால், சுமாரான கையானாலும் தூக்கிவிடுங்கள். அவரிடம் ஐந்து உறுதி, சேர்ந்தால் எட்டு. 11-க்கு மேல் புள்ளியும் இருந்தால் எதிராளியின் சூட்டையே சொல்லி அதைத் தெரிவிக்கலாம். சூட் ஒத்துவராவிட்டால் அவரை மீட்கப்போகிறேன் என்று புதுச் சூட் சொல்லிக் கிளம்பாதீர்கள். விழுகிற கிணற்றின் ஆழம்தான் கூடும்.

பழகுவதற்கு எளிய வழி, ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்து 13 எடுத்து, வலப்பக்கத்தவர் 1 கிளாவர் சொன்னதாகவும், அப்புறம் 1 ஆட்டின் சொன்னதாகவும் வைத்து முடிவு செய்வது. போர்டு சிவப்பு என்றும் இல்லை என்றும் மாற்றிப் பாருங்கள். அதே கைக்கு நாலு விதமான பதில் வரும். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் இயந்திரத்தோடு இலவசமாகவும் ஆடலாம். அது திட்டாது என்பது ஒரு வசதி.

கடைசியாக, நானும் என் பார்ட்னரும் இன்னும் ஒத்துப்போகாத ஒரு கை. வலப்பக்கத்தவர் 1 ஆட்டின். இரு பக்கமும் வல்னரபிள்.

இஸ்பேட்: ராஜா, 9, 7, 5, 2
ஆட்டின்: 4
டைமன்: ஆஸ், ராணி, 6, 3
கிளாவர்: 10, 8, 5

9 புள்ளி. சூட் சோதனையில் ஆறுதான், ஏழு வேண்டும். "சார், சோதனையில தேறல, பாஸ்தான்" என்கிறார் அவர். நான் 1 இஸ்பேட் சொல்வேன். ஆட்டின் ஒன்றே ஒன்று, பக்கத்தில் நல்ல நாலு டைமன், சொல்லவேண்டியது ஒன்றாம் மட்டத்தில். பார்ட்னருக்கு மூன்று இஸ்பேட் இருந்தால் இந்தக் கை சட்டென்று பெரிதாகிவிடும். போன மாதம் இதேபோன்ற கை வந்தபோது நான் சொன்னேன், 2 இஸ்பேட் வரை போய் 110 வாங்கினோம். அதற்கு முந்தைய மாதம் வந்தபோதும் சொன்னேன், 200 போனது. இரண்டையும் அவர் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.